புள்ளிகள் நிரம்பாத கட்டம்

அரசு அலுவலகத்துக்கு எதிரே உள்ள நகல் கடையின் முன்பகுதியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பதினொரு அங்குல மடிக்கணினி ஒன்று. இவ்வளவுதான் மெயிலண்ணனின் தொழிற்சாலை. இணையத்தில் மனு நிரப்பித் தருவது அவர் வேலை. மனு என்றால் மெயில் முகவரி கேட்கும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது இருக்காது. அவரே ஒன்று திறந்து கொடுப்பார், பிறகு மாதக்கணக்கில் அவரே பார்த்தும் சொல்வார். அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நிமிடம் யாரையோ என்றுதான் இருப்பார்.

யாரிடமும் போய்க் கற்றவரல்ல. தப்பாகச் செய்து, அழித்து, மறுபடி செய்து கற்றது. அதனாலேயே வேலையில் கறார். பத்து பேருக்கு ஒரே கடவுச்சொல் போட்டு ஒப்பேற்றுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. ஆளுக்கொன்று, அதுவும் கணினியே உருவாக்கித் தருகிற நீளமான, தலையும் வாலும் புரியாத எழுத்துக்கூட்டம். கணினியே அதை நினைவிலும் வைத்துக்கொள்ளும். பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் போதும், கடவுச்சொல் கட்டத்தில் கறுப்புப் புள்ளிகள் தாமாக வந்து நிரம்பிவிடும். தாளில் எழுதமாட்டார், யார் கண்ணிலாவது பட்டுவிடும். இணையத்தில் ஏற்றி வைக்கவும் மாட்டார். ஊரார் ரகசியம் இந்தப் பெட்டியைத் தாண்டக் கூடாது என்பது அவர் வைராக்கியம்.

பெட்டிக்கு ஒன்பது வயது. மூடியின் கீலில் கறுப்பு டேப். போன மாதம் அரசின் மனுத்தளம், பழைய இயங்குதளத்தில் இனித் திறக்கமாட்டேன் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. புதுக் கணினிக்கு வழியில்லை, இதையே புதுப்பிக்க வேண்டும். ஆனால் அதன் வயிறு சிறியது. இருப்பதை வைத்துக்கொண்டே புதியதை உள்ளே ஏற்ற இடம் போதாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

இரண்டு வாரம் காணொளிகள் பார்த்து, படிகளை வரிசையாகத் தாளில் எழுதிக்கொண்டார். வாடிக்கையாளர்களின் கோப்புகளைக் கணினியில் செருகும் தனி வெளித்தட்டில் நகலெடுத்தார். எடுத்ததோடு விடவில்லை, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து டிக் போட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வேலை நடந்தது. நாற்பது சதவீதத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றபோது, "பொட்டி மூச்சு விடுதான்னு மூக்குல கை வச்சுப் பாருங்க" என்றாள் மனைவி. சாயங்காலம் புதிய திரை நீலமாக விரிந்தது. கோப்புகளைத் திரும்ப ஏற்றி எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிட்ட சாப்பாட்டில் தனி ருசி இருந்தது.

திங்களும் செவ்வாயும் புது மனுக்களிலேயே போயின. புதன்கிழமை சலவைக்காரக்கா வந்தாள். இஸ்திரி போட்ட துணிகளை வீடுகளில் கொடுத்துவிட்டு, புதன்தோறும் வந்து அந்த நாற்காலியில் உட்காருவாள். ஒரு கண்ணின் கருவிழி எப்போதோ வெளுத்துப்போனது. மற்றதும் புகை படிந்த கண்ணாடி மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. கருவிழி மாற்றப் பெரிய மருத்துவமனையில் பதிந்து பதினாலு மாதம். முறை வந்தால் மெயில் வரும், ஏழு நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பதிவு அன்றே அவளுக்கு இதை மூன்று முறை விளக்கியவர் அவர்தான்.

அவள் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. முழுப் பெயரையும் அடித்தார். கடவுச்சொல் கட்டம் வெறுமையாக இருந்தது. புள்ளிகள் வரவில்லை.

அப்போதுதான் புரிந்தது. கடவுச்சொற்கள் கோப்பு இல்லை. அவை எந்தக் கோப்புறையிலும் இருந்ததில்லை. அவர் டிக் போட்ட பட்டியலில் அவற்றுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. துடைத்ததோடு அவையும் போய்விட்டன. இவளுடையது மட்டுமல்ல, எல்லாருடையதும்.

"என்னண்ணே, வந்திருக்கா?"

"பாத்தேன். இன்னும் வரலக்கா."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. எப்படியும் இன்றே திறந்துவிடலாம், அப்புறம் உண்மையைச் சொன்னால் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அவள் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

மறந்த கடவுச்சொல்லை மீட்க, பதிந்த கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் வரும். பதிந்திருந்தது அவருடைய பழைய எண். அதைக் கைவிட்டு ஒரு வருடமாகிறது. அந்த எண்ணுக்கே அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள். நடந்ததையெல்லாம் சொல்லி, இப்போது வந்திருக்கும் ஆறு இலக்கத்தைப் படித்துக் காட்டும்படி கெஞ்சினார்.

"இப்படிக் கேட்டு இந்த வாரம் நீங்க மூணாவது ஆளு," என்றாள் அவள். "மத்தவங்களுக்கு உங்க அளவுக்குக் குரல் பாவமா இல்ல."

வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தபோது மணி போகவில்லை. அவரைச் சந்தேகப்பட அவளிடம் நியாயம் இருந்தது. அந்த ஆறு இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவரே அவர்தான்.

மருத்துவமனைக்கு அழைத்தால் இசை ஓடிக்கொண்டே இருந்தது. வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய் என்று காதில் வைத்தபடியே மற்றவர்களின் மனுக்களை நிரப்பினார். நேரில் போகலாம் என்று தோன்றாமல் இல்லை. போனால் அவளையும் கூட்டிப்போக வேண்டும், கூட்டிப்போனால் காரணம் சொல்ல வேண்டும். வீட்டிலும் சொல்லவில்லை. "பொட்டி புதுசாச்சு, நீங்கதான் பழசாயிட்டீங்க" என்று மனைவி சொன்னபோது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன் காலை ஒரு மனிதக் குரல் கிடைத்தது. பதிவு எண் அவர் கோப்பில் பத்திரமாக இருந்தது, படித்தார்.

"போன வாரம் செவ்வாய்க்கிழமையே மெயில் போயிருக்கே," என்றது குரல். "நேத்தோட கெடு முடிஞ்சுது. அடுத்தவருக்குக் குடுத்தாச்சு."

கணினியில் கோளாறு என்றார். ஒரு நாள் தயவு காட்ட முடியாதா என்றார்.

"மெயில் இல்லன்னா என்ன சார், நடுவுல ஒரு நாள் நேர்ல வந்திருந்தாலே போதுமே. இனிமே முதல்லேர்ந்து வரிசைதான்."

மத்தியானம் அவள் வந்து உட்கார்ந்தாள். அவர் எதையும் குறைக்காமல் சொன்னார். கடவுச்சொல் போனது, போன புதன் மெயிலைத் திறக்கவே முடியாதது, நேற்றோடு முடிந்தது. நகல் இயந்திரம் பின்னால் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. அவள் முகத்தை அவர் குரல் வந்த பக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாத்தேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"எனக்குக் கண்ணு தெரியாதுன்னுதாண்ணே பாத்துச் சொல்ற வேலைய உங்ககிட்ட விட்டேன்."

நாளைக்கே மருத்துவமனைக்குத் தானும் கூட வருவதாக, அதிகாரியின் காலில் விழுந்தாவது கேட்பதாகச் சொன்னார். மூட்டையின் முடிச்சை அவள் விரலால் தடவி இறுக்கினாள்.

"வேணாம். பஸ் நம்பர் படிச்சுச் சொல்ல ஸ்டாண்டுல யாராவது இருப்பாங்க."

எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்து, மேசை விளிம்பைப் பிடித்து, வாசலுக்குப் போனாள். கை கொடுக்க எழுந்தவர், கொடுக்காமல் நின்றார்.

காத்திருந்த ஓய்வூதியக்காரர் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்து, தனக்கு ஏதாவது மெயில் வந்திருக்கிறதா பார்க்கச் சொன்னார். மெயிலண்ணன் விசைப்பலகையில் கை வைக்கவில்லை.

"தெரியல ஐயா. இனிமே உங்க மெயில என்னால திறக்க முடியாது. ஏன்னு சொல்றேன், கேளுங்க."