அருவிச் சத்தம் நின்றால்

என் ஓரகத்தியை ஊரில் பம்பரம் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே முழிப்பார். என் கணவருக்கு அண்ணன் மனைவி, அதனால் எனக்கு அக்கா. அவள் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரோடு வாசலுக்குப் போவாள், மலையைப் பார்ப்பாள், கொல்லைப் பக்கம் போவாள், டம்ளரை எங்கேயோ வைத்துவிட்டு வந்து, என் காப்பி எங்கே என்று என்னையே கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுடையது மலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். ஒரே தெரு. ஒரு பக்கம் அருவி, மற்ற இரண்டு பக்கமும் தேசியப் பூங்கா என்று பலகை வைத்து அரசாங்கம் காக்கும் காடு. சுற்றுலா வருகிறவர்கள் காலையில் ஜீப்பில் விலங்கு பார்க்கப் போவார்கள், மத்தியானம் அருவி பார்ப்பார்கள், சாயங்காலம் ஈரத் துண்டுகளை எங்கள் தலையில் கட்டிவிட்டு மலை இறங்கிவிடுவார்கள். அக்காவுக்கும் எனக்கும் லாட்ஜில் துணி துவைக்கிற வேலை. சாரல் தெருவரை பறக்கும் ஊரில் படுக்கை விரிப்பு காய்வது குதிரைக்கொம்பு. காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்போம். எந்நேரமும் ஊறிக் கிடக்கும் கையை நம்ப முடியாது.

அருவிச் சத்தத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அக்காவைப் பற்றிச் சொன்னதாகாது. அந்தச் சத்தத்தை மிஞ்சிப் பேசிப் பேசியே எங்களுக்குத் தொண்டை பெரிதாகிவிட்டது. எங்கள் ஊரில் ரகசியம் என்று எதுவும் கிடையாது, சொல்லும்போதே அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடும். ஆனால் சத்தம் இருக்கிறவரை அது எங்கள் காதில் விழாது. நின்றால்தான் விழும். நின்றதென்றால் மேலே எங்கோ மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது, அடைப்பை உடைத்துக்கொண்டு தண்ணீர் மொத்தமாக வரப்போகிறது என்று அர்த்தம். அதனால் நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். சத்தம் நின்றால் கேள்வி கேட்காதே, மேட்டுக்கு ஓடு. செருப்பைத் தேடாதே. யாரையும் தேடித் திரும்பாதே. கைக்கு எட்டியதைத் தூக்கிக்கொண்டு ஓடு. குழந்தை யார் கைக்கு எட்டுகிறதோ அவர் தூக்குவார்.

என் ஆயுளில் ஒரே ஒருமுறைதான் அப்படி நின்றது. மழைக்காலத்து மத்தியானம். நான் தெருவில் இருந்தேன், ஓடிவிட்டேன். அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், பிள்ளைகளோடு பிள்ளையாக மேடேறிவிட்டாள். அக்காவின் கணவர் ஜீப் ஓட்டுகிறவர். அருவி வற்றியதும், வந்திருந்த கூட்டம் வெற்றுப் பாறையில் நின்று போட்டோ எடுக்க இறங்கிவிட்டது. அவர்களை விரட்டியடிக்க அவர் இறங்கினார். கூட்டம் முழுக்க மேலே வந்து சேர்ந்தது. அவர் வரவில்லை.

அக்கா அப்போது மேட்டில் இருக்கும் லாட்ஜில், துணி அறைக்குள் இருந்தாள். பெரிய வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அருவி நின்றதே அவளுக்குத் தெரியாது. விரிப்பை உதறிக் காயப்போட வெளியே வந்தபோது கீழே தெரு பாதிதான் மிச்சம் இருந்தது.

"கேட்டிருந்தா வாசல்ல நின்னு ஒரு சத்தம் போட்டிருப்பேன்டி. என் குரலுக்கு அவர் திரும்பாம இருந்ததே இல்ல," என்றாள் ஒருநாள். அதற்குப்பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாததையெல்லாம் கால்கள் செய்தன. மெஷினைப் போடுவாள், கொஞ்ச நேரத்தில் நிறுத்துவாள், வாசலுக்குப் போய்க் காது கொடுப்பாள், வந்து மறுபடி போடுவாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அரை நாள் வேலை முழு நாளுக்கு இழுக்கும். இவளோடு மாரடிக்க என்னால் முடியாது என்று நானும் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

மகள் படித்தாள், சமவெளியில் ஒரு நகரத்தில் வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணமும் ஆனது. பிள்ளை பிறந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டாள். அக்கா அவ்வளவு சந்தோஷமாக ஒரு பையைக் கட்டி நான் பார்த்ததே இல்லை. இனிமேல் பேரன்தான் என் வேலை என்றாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மழை முடிவதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது.

"சித்தி, நீங்க வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போங்க. மிக்ஸியப் போட்டா நிறுத்துறாங்க, டிவியப் போட்டா நிறுத்துறாங்க, பிள்ளை அழுதா அதோட வாயப் பொத்திட்டு எதையோ கேக்குறாங்க. இவங்ககிட்டப் பிள்ளைய விட்டுட்டு நான் எப்படி சித்தி வேலைக்குப் போவேன்?"

பிள்ளையைக் காப்பகத்தில் சேர்க்கப்போவதாகவும் சொன்னாள். போனை வைத்தபிறகு எனக்கு மகள் மேலும் கோபம் வந்தது, அக்கா மேலும் கோபம் வந்தது. யார் மேல் அதிகம் என்று தெரியாமலே பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளை நல்ல பையன், அதிர்ந்து பேசாதவன். அன்று காலையில் அவன் வேலைக்குப் போய்விட்டான். மகள் ராத்திரி வேலை முடித்து வந்து உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். வீடு கடைசி மாடிக்கு ஒரு மாடி கீழே, பின்பக்கத்துச் சந்தைப் பார்த்தபடி. எல்லா அறையிலும் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அருவி மாதிரி இது இரைந்துகொண்டிருக்கிறவரை மனசு கொஞ்சம் அடங்குகிறது என்றாள் அக்கா. அவள் மட்டுமல்ல, மகளும் அப்படித்தானாம். குளிர்காலத்திலும் இரண்டு போர்வைக்குள் சுருண்டுகொண்டு விசிறியை நிறுத்த விடுவதில்லை, மாப்பிள்ளைக்குச் சளி விட்டபாடில்லை.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. பையில் புடவையை மடித்து வைப்பாள், தொட்டிலுக்குப் போவாள், வருவாள், மடித்ததை உதறி மறுபடி மடிப்பாள். கடைசியில் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"என்னை நம்பலையாடி அவ?"

நான் பயணக் களைப்பு என்று சொல்லிவிட்டுத் தரையில் சாய்ந்தேன். சாய்ந்தவள் தூங்கியும் போனேன்.

விழித்தபோது ஏன் விழித்தேன் என்று தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. சத்தம் இல்லை. எங்குமே இல்லை. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். நான் எந்த ஊரில் இருக்கிறேன், எத்தனையாவது மாடியில் இருக்கிறேன் என்று எந்த யோசனையும் வரவில்லை. கதவு திறந்து கிடந்தது, படிக்கட்டில் அக்காவின் புடவை தெரிந்தது. அவள் பின்னாலேயே ஓடினேன். "மேல ஏறுங்க, மேல ஏறுங்க" என்று யாரோ கத்திக்கொண்டே வந்தார்கள். அது நான்தான் என்று பாதிப் படியில்தான் புரிந்தது.

மொட்டை மாடி வெயிலில் தகதகத்தது. அக்கா மூச்சிரைக்க நின்றாள். பிள்ளை அவள் தோளில் பத்திரமாக இருந்தது. என் கையில் ஒரு தலையணை இருந்தது. எங்களுக்கு முன்னால், கைப்பிடிச் சுவரோரம், தலைவிரிகோலமாக, செருப்பில்லாத காலோடு நின்றுகொண்டிருந்தாள் மகள்.

கீழே சந்து சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. துணி இஸ்திரி போடுகிற ஆள் பெட்டியைக் கையில் பிடித்தபடி எங்களை அண்ணாந்து பார்த்தார். "கரண்டுதான் போயிருக்கு. ஜெனரேட்டரும் ரிப்பேராம்," என்று கத்திச் சொன்னார்.

முதலில் சிரித்தது நான்தான். மகளும் சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் நின்றுவிட்டாள். தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

"அம்மா, நான் பிள்ளையத் தூக்கலம்மா. தொட்டிலைத் தாண்டித்தான் ஓடிவந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"தொட்டில்கிட்ட நான் நின்னேன்ல? அது என் கைக்கு எட்டிச்சு, நான் தூக்கினேன்," என்றாள் அக்கா. "நான் தூக்குவேன்னு தெரிஞ்சுதானடி நீ ஓடின."

மகள் வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து, ஏன், அப்பா போன நாளிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அக்கா அழவில்லை. சூடு ஏறிய தரையில் சட்டென்று உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தத் தடவ எனக்குக் கேட்டுச்சுடி," என்றாள்.

கரண்டு வந்து, கீழே விசிறிகள் சுற்ற ஆரம்பித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். மகள் கீழே போய், கட்டி வைத்த பையைப் பிரித்துப் புடவைகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். சாயங்காலம் வந்த மாப்பிள்ளை, அதற்குள் அந்தச் சந்தே சொல்லிச் சிரித்ததை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் படியேறி வந்திருந்தான். தொட்டிலை எட்டிப் பார்த்தான். பிறகு, மொட்டை மாடிக் கதவைச் சில நாள் பூட்டிவிடுகிறார்கள், அதற்கு ஒரு சாவி வாங்கி அத்தையிடம் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னான். காப்பகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கூட்டிக்கொண்டு வரப் போன நான் தனியாகத்தான் மலையேறினேன். இப்போது துணி அறையில் நான் ஒருத்திதான். மெஷினைப் போடுகிறேன், கொஞ்ச நேரத்தில் நிறுத்துகிறேன், வாசலுக்குப் போய்க் காது கொடுக்கிறேன், வந்து மறுபடி போடுகிறேன். முதலாளி தலையில் அடித்துக்கொள்கிறார்.