மார்கழியில் தொடங்காத டைரி

எழுபதுகளின் தொடக்கத்தில், லஸ் பக்கம் நடைபாதைக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று என் புத்தியைக் கெடுத்தது. அந்தக்கால ரோமாபுரி ஞானிகள், நம் கையில் இல்லாதவற்றைக் கண்டு அஞ்சக்கூடாது என்று தினமும் தமக்குத் தாமே எழுதிக்கொள்வார்களாம். நானும் தினம் காலையில் எழுதுவதென்று முடிவெடுத்தேன்.

தி.நகர் ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி இருந்தது. ஆனால் ஜனவரி பிறக்கும்போது மார்கழி. மார்கழியில் யாராவது புதுக் காரியம் தொடங்குவார்களா? பதின்மூன்று பக்கங்களை வெறுமனே விட்டேன். இத்தனைக்கும் ஆபீசில் ஜோசியம் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்கிற ஆசாமி நான்.

பொங்கலன்று விடிந்ததும் பிள்ளையார் சுழி போட உட்கார்ந்தால், அன்று வியாழக்கிழமை. ஆறு முதல் ஏழரை வரை எமகண்டம் என்று அந்தப் பாழாய்ப்போன டைரியே அச்சடித்து வைத்திருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கடிகாரத்தை முறைத்தபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போனது. நிப்பில் மை உலர்ந்துபோனது.

ஏழரை அடித்ததும் பேனாவை உதறி, ஒரே மூச்சில் எழுதினேன்: ‘எது வந்தாலும் இனி அஞ்சமாட்டேன்.’ கையோடு மனைவியிடம் கொண்டுபோய் நீட்டினேன். பாராட்டுக்காகத்தான், வேறெதற்கு?

பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டிக்கொண்டிருந்தவள், தலையைத் திருப்பிப் படித்தாள்.

“ஏன்னா, இதை எழுதறதுக்கா கார்த்தாலேர்ந்து பயந்துண்டு உக்காந்திருந்தேள்?”