அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்

எங்கள் ஆட்களில் இறந்தவருக்கு நினைவு மலர் அச்சிட்டுப் போடும் வழக்கம் கிடையாது. இறந்தவர் பேரைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அதனால் அக்காவின் பேரை இந்தக் கட்டுரையில் தேடாதீர்கள். அட்டையில் படம் இருக்கிறது, போதும். மலர் போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அக்காவின் மகள். கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள், இதைக் கணினியில் அடித்ததும் அவள்தான். எழுத வேண்டியது தாய்மாமனான நான்தான் என்று சொல்லிவிட்டாள். எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நாங்கள் பளியர். கம்பத்துக்கு மேலே மலையில், ஓடைக்கு அக்கரையில் இருந்த பழைய குடிசையில் அக்கா பிறந்தார். எந்த வருஷம் என்று தெரியாது. ஆதார் அட்டையில் ஜனவரி ஒன்று என்று போட்டிருக்கிறது. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றில்தான் பிறந்திருக்கிறோம்!

நான் பால்குடி மறக்குமுன் அம்மா கம்பம் ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார். அதன்பின் எனக்கு அம்மா அக்காதான். எங்களைப் பெற்ற அய்யாவோடு தேனுக்கும் நெல்லிக்காய்க்கும் காடேறுவார். காடு தராத மாதங்களில் காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டங்களில் கூலிக்கு நிற்பார். என்னை ஹாஸ்டலில் சேர்த்துப் பத்தாவது வரை படிக்க வைத்தவர் அவர். அந்தப் படிப்பால்தான் எனக்கு வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். ஆனாலும் காக்கி போட்டுக்கொண்டு நான் வந்து நின்ற அன்று அக்கா என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இனி நிலத்தின் கதை. வெள்ளைக்காரன் காலத்தில் காட்டுக்கு எல்லைக்கல் நட்டார்கள். கல்லுக்கு உள்ளே நாங்கள் இருந்தோம். அன்றிலிருந்து நாங்கள் இருந்த இடத்திலேயே ஆக்கிரமிப்பாளர்கள் ஆனோம். விறகு எடுத்தால் வழக்கு, கிழங்கு தோண்டினால் அதட்டல். நாடு விடுதலையான பிறகு பழங்குடிப் பட்டியலில் எங்கள் பேர் ஏறியது, நிலம் மட்டும் எங்கள் பேருக்கு வரவில்லை. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதுவும் நம் மாநிலத்தில் நீதிமன்றத் தடையால் பல வருஷம் பட்டா கொடுக்காமலே கிடந்தது. தடை நீங்கிய பிறகுதான் எங்கள் குடியிருப்பில் கிராமசபை கூட்டி வன உரிமைக் குழு அமைத்தார்கள். பெண்களும் இருக்க வேண்டும் என்பது விதி. பேருக்கு இருக்கட்டும் என்று அக்காவைச் சேர்த்தவர்கள் பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார்கள், அத்தனை கேள்வி கேட்டார்.

கீழேயிருந்து வந்த வக்கீலம்மா ஒருவர் சட்டத்தை வாசித்துக் காட்டினார். இந்த மக்களுக்குக் காலங்காலமாக அநீதி நடந்திருக்கிறது என்று அதன் முகப்பிலேயே அரசாங்கம் ஒத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அக்கா நிறுத்தச் சொல்லிக் கேட்டார்.

“அவுகளே அப்படி எழுதியிருக்காகளா? பெறகு எதுக்கு நம்மகிட்ட சாட்சி கேக்குறாக?”

வக்கீலம்மா சிரிக்கவில்லை. சாட்சி கட்டாயம் வேண்டும், 2005 டிசம்பருக்கு முன்பிருந்தே அந்த இடத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்றார். வீடு, மரம், கல்லறை எதுவானாலும் சாட்சிதானாம்.

இங்கேதான் எங்கள் வழக்கம் எங்கள் கழுத்தைப் பிடித்தது. ஒருவர் வீட்டில் இறந்தால் அந்த வீட்டில் நாங்கள் தங்க மாட்டோம். புதைத்த இடத்தில் கல் நட மாட்டோம். சட்டம் வந்த பிறகுதான் அய்யா அக்கரைக் குடிசையில் தவறினார். அந்த வாரமே ஓடையைத் தாண்டி இக்கரையில் மண்சுவர் எழுப்பித் தகரம் போட்டோம். அக்கரையில் அய்யா நட்ட இலவ மரங்களில் மட்டும் வருஷா வருஷம் காய் இறக்கி வந்தோம். இரண்டு கரைக்கும் சேர்த்து அக்காவும் அவர் வீட்டுக்காரரான மச்சானும் மனு கொடுத்தார்கள்.

அளக்க வந்தார்கள். வனத்துறைப் பக்கம் உதவிக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். காக்கி உடுப்போடு அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்திருந்த அதிகாரி அக்கரையைக் காட்டி, இங்கே யார் குடியிருக்கிறது என்று கேட்டார்.

“இப்ப யாரும் இல்ல சார். எங்கய்யா இங்கன தவறிட்டாக. செத்த எடத்துல நாங்க இருக்க மாட்டோம். ஓடையத் தாண்டி வந்துட்டோம்.”

கல்லறை எங்கே என்றார். அக்கா ஒரு புதரைக் காட்டினார். கல் இல்லையா என்றார். வைக்கிற வழக்கமில்லை என்றார் அக்கா. அதிகாரி புதரைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

நான் பிறந்தது இந்த இடத்தில்தான், இந்த மரங்கள் எங்கள் அய்யா நட்டவை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்களோ என்று பயம். யாரும் என்னை மிரட்டவில்லை, நானாகப் பயந்தேன். வாயை மூடிக்கொண்டு நாடாவைச் சுருட்டினேன்.

மனு தள்ளுபடியானது. பழைய இடம் கைவிடப்பட்டது, இப்போதைய வீடு 2005 டிசம்பர் கெடுவுக்குப் பிந்தையது என்று காரணம் எழுதியிருந்தார்கள். இரண்டுமே அக்கா தன் வாயால் சொன்ன உண்மை. அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. போனால் சோறு மட்டும் போடுவார். ஆனால் அறுபது நாள் கெடு முடியுமுன் வக்கீலம்மாவைப் பிடித்து மேல்முறையீடு போட்டுவிட்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மலையிறங்கிப் போய் உட்கார்ந்தார். கால் வீங்கியதை எங்களிடம் மறைத்தார்.

சிறுநீரகம் இரண்டும் பழுதாகியிருந்தது. டோலி கட்டித் தூக்கி இறக்கி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர்களும் பார்க்கிறவரை பார்த்தார்கள். இனி நாள் எண்ண வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னதும் மலைக்குக் கொண்டுபோவது என்று நான் முடிவெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னைய வீட்டுக்குக் கொண்டு போகாதீக. இங்கனயே கெடக்கேன்.”

டோலி குலுங்கும் வலிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். சொந்த மண்ணில் கண் மூடட்டும் என்று எனக்கு ஒரு பெரிய எண்ணம். கேட்காமல் கொண்டுவந்தேன். வாசலில் இறக்கியபோது அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

“கிறுக்குப்பயலே, நான் இங்கன செத்தா நீங்க வீட்ட விட்டுருவீக. ஆசுபத்திரியில செத்தா வீடு தங்கும்னு பாத்தேன். கெடுத்துட்டியேலே.”

தண்ணீர் கேட்டு வாயை நனைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“சரி, கொண்டாந்துட்ட. நான் செத்தாலும் வீட்ட விடாதீக. அளக்க வாரவுக பாக்கையில உள்ள ஆள் இருக்கணும்.”

மறுநாள் தவறிவிட்டார். திரும்பக் கொண்டுபோக நேரம் இருந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். நானே என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடக்கம் முடிந்ததும் உறவுகள் வீட்டுக்குள் கால் வைக்காமல் கலைந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மச்சான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் காக்கியை மடித்துக் கொடுத்து வேலையை விட்டுவிட்டு வந்து, அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். அக்காவின் தலைமாட்டில் கல் நட்டோம், அக்கரையில் அய்யாவுக்கும் நட்டோம். குடியிருப்பில் சிலர் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மேல்முறையீட்டில் மறுபடி அளக்க உத்தரவாகி, வேறொரு அதிகாரி வந்தார். நான் பிறந்த இடத்தையும் அய்யாவின் மரங்களையும் காட்டினேன். போன தடவை நாடா பிடித்துக்கொண்டு சும்மா நின்றவன் நான்தான் என்றும் சொன்னேன். இந்த வீட்டிலும் சாவு விழுந்திருக்கிறதே, காலி செய்துவிடுவீர்களா என்று கேட்டார். மாட்டோம் என்று முதலில் சொன்னது மச்சான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். இதுவரை பதில் இல்லை.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் டோலி சுமந்தவர்களுக்கும், கேட்டவுடன் ஜீப் அனுப்பிய காமயகவுண்டன்பட்டித் தோட்டக்காரருக்கும், ஒவ்வொரு தாளையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டிய வக்கீலம்மாவுக்கும் கைகூப்புகிறோம். உள்ளே வரப் பயந்து, அரிசியை ஓடைப் பாறையில் வைத்துவிட்டுப் போன உறவுகளுக்கும் அதே நன்றி.

ஆண்டு நினைவுக்குச் சமைக்கிறோம். இறந்த வீட்டில் சாப்பிட மனம் வராதவர்கள் ஓடையோரம் உட்காருங்கள், சோறு அங்கே வரும். வீடு மாறியிருப்போம் என்று நினைத்து வேறெங்கும் தேடி அலைய வேண்டாம். அக்கா கண் மூடிய அதே வீட்டில் மச்சானும் நானும் இருக்கிறோம். பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. ஆனாலும் வீட்டை விடவில்லை.