இடக்கைக்கு வளைந்த பிடி

ஒரு மடக்குக்கத்தி, அதை வாங்கியவருக்குச் சொந்தமா, பிடித்துப் பிடித்துக் கை புண்ணானவருக்கா? இன்று மீன் சந்தையில் காய்ந்த திருக்கைத் தோலின் வாடை பட்டதும், அந்தமானின் ரங்கத் ஊரில் தடயமற்றுப்போன எங்கள் பிரம்புக் கொட்டகை நினைவில் எழுந்தது. அங்கே நாள்முழுதும் பிரம்பு சீவிய அம்மாவின் இடது உள்ளங்கையை, பெரியப்பா மெயின்லேண்டிலிருந்து வாங்கிவந்த கத்தியின் மரப்பிடி விளிம்பு அறுத்துக்கொண்டே இருந்தது. கேட்டும் அவர் மாற்றித் தராததால், சொரசொரப்பான திருக்கைத் தோலால் தேய்த்துத் தேய்த்து, அம்மா அந்தப் பிடியைத் தன் இடக்கைக்கு வளைத்துக்கொண்டாள்.

“கராப் பண்ணிட்டியே, கெடுத்துட்டியே! யாரைக் கேட்டுத் தேச்ச?” பெரியப்பாவின் வலக்கையில் அது நிற்கவில்லை.

“என் கையைக் கிழிச்சப்ப அது யாரைக் கேட்டுச்சு, மாமா?” என்றாள் அம்மா.

அவர் கத்தியை அவள் காலடியில் வீசினார். அது எங்களிடமே தங்கியது. பெரியப்பா அதன்பின் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.