சிவப்புப் பசுவை அவிழ்த்துவிட்டது யார்?

நாற்பது வருடமாக எங்கள் குடும்பத்துக்கு ஒரு குற்றவாளி இருக்கிறான். அது நான். தாத்தாவின் பண்ணையில், ஒரு மாட்டுப் பொங்கல் அன்று, சினையாக இருந்த சிவப்புப் பசுவை அவிழ்த்துவிட்டு லோரியில் அடிபட வைத்தவன் நான்தான். கல்யாண வீடோ கருமாதி வீடோ, அண்ணன் இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க மாட்டார். அப்போது எனக்கு ஆறு வயது. இப்போது தலை நரைத்துவிட்டது.

பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மலேசியாவில், கிள்ளான் டவுனுக்கு வெளியே, எஸ்டேட் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, பதினோரு மாடுகள், கணுக்கால் வரை சேறு. நாங்கள் அங்கேதான் வளர்ந்தோம். அந்த இடத்தை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. எனக்கு முதலில் ஞாபகம் வருவது கொசுக்கடிதான்.

மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளைக் குளிப்பாட்டி, கழுத்தில் மஞ்சள் தடவிய புதுக் கயிறு கட்டுவோம். பழைய கயிற்றை அவிழ்ப்பது வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையின் வேலை. ஆனால் புதுக் கயிறு ஏறிய பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும். நான் அவசரப்பட்டுவிட்டேன். புதுக் கயிறு இன்னும் சாமி மேடையிலேயே இருந்தது. பக்கத்துச் சீனர் வீட்டில் அவர்களுடைய புத்தாண்டுப் பெருநாளுக்கு முன்பே யாரோ பட்டாசு கொளுத்த, பசு மிரண்டு பெரிய சாலைக்கு ஓடியது. அந்த முடிச்சின் ஈரம்கூட என் விரலில் இன்னும் இருக்கிறது.

போன மாதம் அம்மாவை பிரிக்பீல்ட்ஸில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். அண்ணன், அவருடைய புது மருமகள், அம்மா, நான். சாம்பார் வருவதற்குள் அண்ணன் மருமகளிடம் ஆரம்பித்துவிட்டார்.

"இந்தச் சித்தப்பா இருக்காரே, சாதாரண ஆள் இல்லம்மா. மாட்ட அவுத்து விட்டு தாத்தாவயே அழ வச்சவரு."

அம்மா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார். "இவன் எங்கடா அங்க இருந்தான்? இவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. மாட்டுக்கிட்டயே விடக்கூடாதுன்னு காஜாங்ல பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். இவன் இல்லன்னா சின்னவன் யாரு? நீதான் லா அவுத்து விட்ட."

"சும்மா இரும்மா. உனக்கு வயசாச்சு."

"கண்ணுதான் மங்கல். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லி அகப்பட்டவர் முகமாக அது இல்லை. அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நான் இல்லையா? எழுந்து ஆடலாம் போலிருந்தது. அடுத்து அண்ணன் மேல் கோபம் வந்தது. அதற்கும் அடுத்து வந்ததுதான் என் சோற்றை ஆற வைத்தது. நான் அங்கே இல்லை என்றால், அன்று சாயங்காலமும் நான் அங்கே இல்லையே.

தாத்தா எங்களைத் தொட்டுப் பேசுகிறவர் இல்லை. அதட்டல் ஒன்றுதான் தெரியும். அன்று மட்டும், புல்லுக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னைத் தேடி வந்து தூக்கிக்கொண்டார். சட்டையெல்லாம் பால் வாடை. "பயப்படாதடா, மாடுதானே" என்று முதுகைத் தட்டிக்கொண்டே கொட்டகையை ஒரு சுற்று சுற்றினார். அவர் என்னைத் தூக்கியது வாழ்க்கையில் அந்த ஒரே தடவைதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

"அன்னைக்கு சாயங்காலம் தாத்தா யாரையாவது தூக்குனாராம்மா?" என்று கேட்டேன்.

"நான்தான் அங்க இல்லையே. அவனக் கேளு."

அண்ணன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலி எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"தூக்குனாரு," என்றார் மெதுவாக. "புல்லுக்கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தேன்."

"இல்லண்ணே," என்றேன். என் குரல் கடை முழுக்கக் கேட்டிருக்கும். "நான்தான் அவுத்து விட்டேன். என்னையத்தான் தூக்குனாரு."