பக்கத்துக் காம்பராவில் கொடுத்த சாவி

நிரோஷினி வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்காகக் கேக் வெட்டினார்கள். கண்டி நகரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த மென்பொருள் நிறுவனம். கிளினிக்குகளுக்கு நோயாளர் பதிவுகளைப் பராமரித்துக் கொடுப்பது அதன் தொழில். வாசலில் 'பெண்களை வரவேற்கிறோம்' என்று பெரிய பதாகை. அதில் சிரித்துக்கொண்டிருந்த றேணுகா வேலையை விட்டுப் போய்விட்டாளாம்; இனி அங்கே நிரோஷினியின் படம் வருமாம். நிரோஷினி உட்காரக் கிடைத்த கதிரையும் றேணுகாவுடையதுதான். ஏன் போனாள் என்று கேட்டதற்கு, "மொதல்ல கேக் சாப்புடுங்க தங்கச்சி," என்று ஒரு துண்டை நீட்டினார் குழுத் தலைவர் ஸ்ரீதரன்.

பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து கணினி படித்து வேலைக்குப் போன முதல் பெண் அவள். அம்மா மலையில் கொழுந்து எடுக்கும்போது எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வைத்திருந்தாள். கெட்ட பேரோடு திரும்பினால், லயத்தில் இன்னொரு பிள்ளையை யாரும் கணினி படிக்க அனுப்பமாட்டார்கள்.

ஸ்ரீதரன் தங்கமான மனிதராகத்தான் தெரிந்தார். பொழுது சாயும்போது அவரே வந்து நிற்பார்.

"கடைசி பஸ் போயிரும் தங்கச்சி, கெளம்புங்க. பாஸ்வேர்ட மட்டும் சொல்லிட்டுப் போங்க. மிச்சத்த நாங்க முடிச்சிர்றோம்."

லயத்தில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்துக் காம்பராவில், அடுத்த வீட்டாரிடம், கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். கொடுக்காமல் போனால்தான் மனவருத்தம் வரும். நிரோஷினியும் அப்படியே பாஸ்வேர்டைக் கொடுத்தாள்.

கணக்குப் பார்க்கும் டொரதி அக்கா மட்டும் ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொண்டே, "றேணுகாவும் இப்படித்தான், பஸ்ஸு பஸ்ஸுன்னு ஓடுவா," என்றாள். பிறகு கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

ஒரு காலையில் ஒரு கிளினிக்கின் பதிவுகள் மொத்தமாக அழிந்து கிடந்தன. அழித்தவர் என்று கணினி காட்டிய பெயர் நிரோஷினி; நேரம், முந்தின நாள் இரவு ஏழு மணி. அந்த நேரத்தில் அவள் வத்தேகமவைத் தாண்டி, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க," என்றார் ஸ்ரீதரன். "கை தவறிருச்சுன்னு மெனேஜர்கிட்ட ஒத்துக்கோங்க. பொம்பளப் புள்ள, பழகாத வேலைன்னு நான் பேசிக்கிறேன்."

"நான் செய்யலயே அண்ணா."

"அப்ப பாஸ்வேர்ட குடுத்தேன்னு சொல்லப் போறீங்களா? அதுக்கு அப்பவே வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

கேக் துண்டை நீட்டியபோது இருந்த அதே கனிவான குரல்.

மெனேஜரின் அறைக்குள் ஸ்ரீதரனும் கூடவே வந்து நின்றார். ஒத்துக்கொண்டால் வேலை மிஞ்சும். மலையில் அம்மா சொல்லி வைத்த பேர் மிஞ்சாது.

"பாஸ்வேர்ட் ஸ்ரீ அண்ணாவுக்குத் தெரியும் சேர். தினமும் அவருகிட்டதான் குடுத்துட்டுப் போவேன்."

மெனேஜர் அவளைப் பார்க்கவில்லை. ஸ்ரீதரனைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வெறும் சலிப்பு.

"இந்தப் பிள்ளையுமா?" என்றார். பிறகு, "நீங்க போய் உங்க இடத்துல இருங்க."

பின்னால் கதவு சாத்தப்பட்டது. இன்றைக்கு பஸ் போனால் போகட்டும், முதலில் கடவுச்சொல்லை மாற்றிவிடுவோம் என்று அவள் றேணுகாவின் கதிரையில் போய் உட்கார்ந்தாள். பழைய சொல்லைத் தட்டினாள். தவறு என்றது திரை. நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக மறுபடி தட்டினாள்.

தவறு என்றது.

வெளியே, இப்போது அவள் சிரித்துக்கொண்டிருக்கும் பதாகைக்குக் கீழே யாரோ ஏணியைச் சாய்க்கும் சத்தம் கேட்டது.