காற்றிலிருந்து இறங்கிய பாட்காஸ்ட்

வயர்லெஸ் என்றால் ஒயர் மட்டுமல்ல, வேறு எதுவுமே தேவையில்லை என்று நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். ரேடியோவுக்கு யாராவது பாஸ்வேர்டு போடுகிறார்களா என்ன?

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி கார் பிரேக்குக்கு உதிரி பாகம் செய்கிறது. நான் தரப் பரிசோதனைப் பிரிவு. கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். கேமரா இருக்கிறதாம், பாகங்களின் டிராயிங்கைப் படம் எடுத்துவிடுவோமாம். அதனால் கேமரா இல்லாத ஒரு மியூசிக் பிளேயர் வாங்கினேன், தீப்பெட்டி சைஸில்.

"பாட்காஸ்ட் எல்லாம் வைஃபைல தானா டவுன்லோடு ஆயிடும் சார். நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்" என்றார் கடைக்காரர்.

நானும் ஒன்றுமே பண்ணவில்லை. முதல் நாள் திரையில் ஏதோ பாஸ்வேர்டு கேட்டது. 'பிறகு' என்பதை அழுத்தினேன். மற்றபடி தினமும் காலையில், பருத்திப்பட்டு ஏரிக் காற்று நேராக வரும் எங்கள் பால்கனியில், கிரில் மேல் அதைப் பத்து நிமிடம் நிற்க வைப்பேன். பக்கத்தில் என் ஈரத் துண்டு. இரண்டும் காற்று வாங்கும். அப்புறம் பஸ்ஸில் ஏறிக் காதில் மாட்டிக்கொள்வேன்.

கேட்டது என்னவோ சுயமுன்னேற்றம்தான். இந்தப் பாட்காஸ்ட் ஆட்களைக் கவனித்திருக்கிறீர்களா? குரலில் மீசை முளைத்து நாலு மாதம்கூட ஆகியிருக்காது... அதற்குள் வாழ்க்கையைக் கரைத்துக் குடித்துவிடுவார்கள். ஐந்து மணிக்கு எழுந்திரு. வெந்நீர் குடி. கண்ணாடியைப் பார்த்து 'என்னால் முடியும்' என்று சொல். ஆவடி பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கி வருகிறவனால் முடியாதது என்ன இருக்கிறது, அதை வேறு கண்ணாடியிடம் சொல்லணுமா?

ஆனால் மதியம் கேன்டீனில் அதே ஞானத்தை டில்லிபாபுவிடம் எடுத்துவிடுவேன். டில்லிபாபு லேத் ஆபரேட்டர், அம்பத்தூரிலேயே பிறந்தவர், என்னையும் சகித்துக்கொள்பவர்.

போன செவ்வாய் காலை பத்து மணிக்கு ஐ.டி. பிரிவிலிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில். 'நம் நெட்வொர்க்கில் அடையாளம் தெரியாத சாதனம் ஒன்று இணைந்துள்ளது. வைத்திருப்பவர் தாமாக முன்வந்து ஒப்படைக்கவும். தவறினால் ஒழுங்கு நடவடிக்கை.'

அவர்களுக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரியுமே, சட்டைப் பையில் அல்லவா இருக்கிறது! வீட்டுக் காற்றில் பாட்காஸ்ட் இறங்குகிறது என்றால், கம்பெனிக் காற்றில் என்ன இறங்கும்? டிராயிங்! மூன்று வாரமாக அத்தனை பிரேக் டிராயிங்கும் என் பைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பது வருட வேலை. மகள் காலேஜில் இப்போதுதான் செகண்ட் இயர்.

அணைத்துவிடலாமா? அணைத்தால் சாட்சியத்தை அழித்த குற்றம் வேறு சேர்ந்துகொள்ளும். கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் மதியம் வரை ஒளிந்து திரிந்தேன். சாப்பாட்டு நேரத்தில்தான் யோசனை வந்தது. சப்பாத்தி சுற்றியிருந்த ஃபாயிலை உருவி, பிளேயரைச் சுற்றி இறுக்கினேன். இனிமேலாவது எதுவும் உள்ளே போகாதே!

"இன்னா சார், சப்பாத்திய பாக்கெட்ல வச்சிகினு கீற?" என்றார் டில்லிபாபு.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயே... கூவத்துல கடாசிட்டு வந்துடேன்."

"கம்பெனி டிராயிங்கோடவா?"

"அதுவும் கரீட்டு. அப்ப நீயே போயி குட்த்துடு நைனா. அவுங்களா வந்து புட்ச்சா அசிங்கமாப்பூடும். வா, நானும் வரேன்."

ஐ.டி. பிரிவில் கவிதா மேடம் மட்டும் இருந்தார். ஃபாயில் பொட்டலத்தை மேஜையில் வைத்தேன். "மேடம், டிராயிங் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. சத்தியமா நான் ஒண்ணைக்கூடத் திறந்து பாக்கல."

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், நாங்க தேடினது அப்பவே கிடைச்சிடுச்சே. ஜி.எம். ரூம்ல புதுசா மாட்டின டிவி. பதினொரு மணிக்கே இன்னொரு மெயில் போட்டேனே, பாக்கலையா?"

அங்கேயே கும்பிடு போட்டுக் கிளம்பியிருக்கலாம். விதி விட்டால்தானே? "எதுக்கும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க மேடம்..."

பிளேயரில் இங்கே அங்கே அழுத்தினார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சார், இதுல வைஃபையே செட் பண்ணலையே. இது எங்கயும் கனெக்ட் ஆனதே இல்ல."

"அப்ப தினமும் பாட்காஸ்ட் வருதே?"

"வரல சார். சாம்பிளுக்குப் போட்டுக் குடுத்த ஒரே ஒரு எபிசோடுதான் இருக்கு. பதினெட்டு தடவை கேட்டிருக்கீங்க."

டில்லிபாபு மேஜையைத் தட்டினார். "அதான் பாத்தேன்! டெய்லி வெந்நீ குடி, வெந்நீ குடின்னு அதையே சொல்லிகினு கீறியேன்னு. உனக்குத்தான் மண்டைல எதுனா ஆயிடுச்சோன்னு நானே கம்முனு இருந்தேன் சார்!"

என் வேலை தப்பியது. மற்றபடி நடந்தது இவ்வளவுதான்: காற்றிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. ஒரே எபிசோடைப் பதினெட்டு நாள் கேட்டேன். நடுவில் ஒரு வியாழக்கிழமை, 'நேத்து அளவுக்கு இன்னிக்கு இல்லை' என்று டில்லிபாபுவிடம் குறை வேறு சொல்லியிருக்கிறேன்.